மறைந்திருக்கும் மாற்றுவழி

கொழும்பிலிருந்து கண்டிக்குக் கடுகண்ணாவை வழியாகவும் செல்லலாம். குருநாகல், கலகெதர, கட்டுகஸ்தோட்டை வழியாகவும் செல்லலாம். 2025 நவம்பரில் கடுகண்ணாவையில் மண் சரிந்து பெருவீதி அடைபட்டபோது, இரண்டாவது வழியின் அருமை புலப்பட்டது.

இணையத்திலும் இவ்வாறே பாதைகள் பல உண்டு. ஒரு வலையமைப்பின் எல்லையிலுள்ள ‘ரவுட்டர்’ கருவிகள், தாம் அறிந்த வெளிப்பாதைகளை ஒன்றுக்கொன்று நேரே உரைத்தல் வேண்டும். கருவிகள் 100 ஆயின் தொடர்புகள் 4,950 ஆகும். இச்சுமையைக் குறைக்க 1996இல் வகுக்கப்பட்டதே ‘ரூட் ரிஃப்ளெக்டர்’ முறை. நடுநிற்கும் ஒரு கருவி யாவரிடமும் கேட்டு யாவர்க்கும் எடுத்துரைக்கும். 99 தொடர்புகளே போதும்.

ஆயினும் ஒரு குறை உண்டு. அந்நடுவர், தமக்குச் சிறந்ததெனத் தோன்றும் ஒரே பாதையைத்தான் அறிவிப்பார். கட்டுகஸ்தோட்டை வழி திறந்திருந்தும், கடுகண்ணாவையை மட்டுமே சொல்லும் வழிகாட்டியை ஒத்தவர் அவர். முதற்பாதை அறுந்தால், அவர் அதனை அறிந்து மறுபாதையைத் தேர்ந்து அறிவிக்கும்வரை செய்திகள் வழியிலேயே தொலையக்கூடும்.

2016இல் வெளியான விதிமுறையொன்று, ஒரே இலக்குக்குரிய பல பாதைகளைத் தனித்தனி அடையாள எண்ணுடன் அறிவிக்க வகைசெய்தது. கருவியின் நினைவகச் செலவு கூடினும், மாற்றுவழி முன்னரே கைவசம் இருக்கும்.

எனினும், இரு பாதைகளின் கம்பிகளும் ஒரே மலைச்சரிவிற் புதைந்திருப்பின், அம்மாற்றுவழி பெயரளவில் மட்டுமே மாற்றுவழியாகும்.