குறை செவியிலா, கூடத்திலா?

புது வீடு கட்டிக் குடிபுகுந்தோர் இல்லங்களில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. தொலைக்காட்சியில் ஞாயிறு திருப்பலி ஒளிபரப்பாகிறது. ஆலயம் செல்ல இயலாத முதியவர், "குருவானவர் சொல்வது ஒன்றும் விளங்கவில்லையே!" என்கிறார். மகன் ஒலியைக் கூட்டுகிறான். இரைச்சல் கூடுகிறதேயன்றித் தெளிவு கூடவில்லை. "அப்பாவுக்குக் காது போய்விட்டது" என்று வீட்டார் முடிவுகட்டுகின்றனர். முதியவரும் நாளடைவில் தம் அறைக்குள் ஒதுங்கிவிடுகிறார். இத்தீர்ப்பை வழங்குமுன் அக்கூடத்தையும் ஒருமுறை விசாரிக்க வேண்டாமா?

கூடத்தின் நடுவே நின்று கை தட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை உடனே அடங்காமல் கணகணவென நீண்டால், குற்றவாளி யாரென்று விளங்கிவிடும். ஒலி விநாடிக்குச் சுமார் 1,100 அடி செல்வது. பளிங்கு போன்ற தரையும், பூசிய சுவரும், காங்கிரீட் கூரையும், கண்ணாடியும் தம்மீது படும் ஒலியை ஏறக்குறைய முழுவதும் திருப்பி அனுப்புகின்றன. ஒரு சொல் அடங்குமுன் மறுசொல் வந்து மோதுகிறது. இதனையே எதிர்முழக்கம் என்பர்.

நம் மொழியின் உயிரொலிகள் வலியவை, நீள்பவை. க, ச, ட, த, ப போன்றவற்றின் மெய்யொலிகளோ கணத்தில் தோன்றி மறைபவை. முன்னே ஒலித்த உயிரின் முழக்கம் பின்னே வரும் மெய்யை மூடிவிடுகிறது. முதுமையில் முதலில் மங்குவது உயர்ந்த சுருதியொலிகளைக் கேட்கும் திறனே. ஆகவே இளையோர் ஊகித்துக்கொள்ளும் சொல்லை முதியோர் இழந்துவிடுகின்றனர். ஒலியைக் கூட்டினால் முழக்கமும் உடன் கூடுமாதலால் பயனில்லை.

இதனை ஆராய்ந்து அளந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக இளம் ஆசிரியர் வாலஸ் சபைன் ஆவார். அங்கே ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை என்ற குறையை நீக்கும் பணி 1895-இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அம்மண்டபத்தில் எழுப்பிய ஒலி அடங்க ஐந்து விநாடிகளுக்கு மேலாயிற்று. சபைன் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொணர்ந்து பரப்பி, ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து, ஒலி அடங்கும் நேரத்தைக் குறித்தார். மெத்தைகள் கூடக்கூட முழக்கம் குறைந்தது. அந்த அறிவைக்கொண்டு அமைக்கப்பட்டதே 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி மண்டபம்.

சபைன் கண்ட கணக்கை நம் வீட்டிலும் போட்டுப் பார்க்கலாம். 12 அடி நீளமும், 10 அடி அகலமும், 10 அடி உயரமும் கொண்ட வெறுங்கூடத்தைக் கதவடைத்து வைத்தால், முழக்கம் நான்கு விநாடிக்கு மேல் நிற்கும். சன்னலைத் திறந்து, மடிப்பு விழத் தடித்த திரைகள் தொங்கவிட்டு, தரையில் கனத்த சமுக்காளம் விரித்து, ஐவர் அமர்ந்தால், அதுவே ஒரு விநாடிக்குள் அடங்கும். திறந்த சன்னல் வெளியேற்றும் ஒலி திரும்புவதில்லை. மனித உடலும் உடையும் நல்ல ஒலியுறிஞ்சிகளே. குடும்பம் கூடி அமர்வதே கூடத்திற்கு மருந்து!

இன்னும் சில சொல்வோம். மெல்லிய பாய் ஒன்றால் பெரும்பயன் இல்லை. பஞ்சு மெத்தையும், தலையணைகளும், நூல்கள் நிறைந்த அலமாரியும் உதவும். துணி அடக்குவது பெரும்பாலும் உயர்ந்த ஒலிகளையே. ஒலிபெருக்கியை மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலிகள் கும்மென்று பெருகும். ஆதலின் மூலையை விட்டு நகர்த்துக. முதியவரின் இருக்கையை அதனருகே இடுக. சுவரில் மோதாது நேரே வரும் ஒலியே தெளிவானது. செவி மருத்துவரிடம் காட்டுவதும் தேவையே. ஆயினும் செவிக்கருவி முழக்கத்தையும் சேர்த்தே பெருக்கும் என்பதை மறவாதீர்.

விலையுயர்ந்த கருவி வாங்குமுன் ஒரு சமுக்காளத்தை விரித்துப் பாருங்கள். ஒதுங்கியிருந்த தந்தையைக் கைப்பிடித்து அழைத்துவந்து நடுவே அமர்த்துங்கள். இன்றிரவுச் செபமாலையில் ஒரு பத்து மணியை அவரே முன்நின்று சொல்லட்டும்.