பழைய வீடியோ கேம் இசை: அசல் ஒலியிலேயே கேட்பது எப்படி?

'டிங் டிங்' என்று ஒரு ட்யூன். கேட்ட உடனே, "அட, இது மாரியோ ஆச்சே!" என்று சொல்லிவிடுவீர்கள்.

அந்த விளையாட்டு 1985இல் வந்தது. உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். ஆனாலும் ட்யூன் தெரியும்.

அதே இசை 2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வீடியோ கேம் இசை ஒன்று அந்தப் பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதல்முறை. இசையமைத்தவர் கோஜி கொண்டோ.

அது பிரபலமான விளையாட்டு, பிழைத்துக்கொண்டது. மற்றவை?

அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இப்போது கடைகளில் புதிதாகக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. விளையாட்டு போனால், அதற்குள் இருக்கும் இசையும் சேர்ந்து போய்விடும்.

அதைக் காப்பாற்றி வைத்திருப்பவைதான் 'சிப்டியூன்' கோப்புகள்.

சிப்டியூன் என்றால் என்ன?

அந்தக் காலத்து விளையாட்டுக் கருவிகளில் பதிவுசெய்த பாட்டை வைக்க இடமில்லை. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டு மொத்தமே 40 கிலோபைட். படம், இசை எல்லாம் அதற்குள் அடக்கம். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு படம்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும்!

அதனால் கருவிக்குள் இருந்த ஒலிச் சில்லு, இசையை அந்தந்த நொடியில் 'வாசித்தது'.

எம்பி3 கோப்பு, கச்சேரியின் ஒலிப்பதிவு மாதிரி. சிப்டியூன் கோப்பு, கச்சேரிக்கான ஸ்வரக் குறிப்பு மாதிரி. குறிப்பைக் கொடுத்தால் செயலி அந்தப் பழைய சில்லுபோல் நடித்து வாசித்துக் காட்டும்.

வெறும் 5 குரல்... எப்படிச் சமாளித்தார்கள்?

நின்டெண்டோவின் என்இஎஸ் கருவியில் இருந்தவை 5 ஒலித்தடங்கள் மட்டுமே. மெட்டுக்கு இரண்டு, பெரும்பாலும் பேஸுக்கு ஒன்று, தாளத்துக்கு இரைச்சல் ஒன்று, குட்டி ஒலிப்பதிவுகளுக்கு ஒன்று.

கொமொடோர் 64 கணினியின் சிட் சில்லில் இன்னும் குறைவு. மூன்றே குரல்!

மூன்று ஸ்வரம் சேர்ந்த ஒரு கார்டு வேண்டும், ஆனால் ஒரு தடம்தான் மிச்சம். என்ன செய்வது? ச-க-ப என்று மூன்றையும் நொடிக்குப் பல முறை மாற்றி மாற்றி வாசிப்பார்கள். காது ஏமாந்துபோய் அதை ஒரே கார்டாகக் கேட்கும். பழைய கேம் இசையில் வரும் அந்த 'கிர்ர்ர்' நடுக்கத்துக்குக் காரணம் இதுதான்.

சிங்கப்பூருக்கும் இதில் பங்கு உண்டு

1981இல் இங்கே தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம் 1989இல் 'சவுண்ட் பிளாஸ்டர்' ஒலி அட்டையை வெளியிட்டது. அதற்குள் இருந்தது யமஹாவின் ஒய்எம்3812 சில்லு. அந்தக் காலத்துக் கணினி விளையாட்டுகள் பலவற்றின் இசை அந்தச் சில்லுக்காகவே எழுதப்பட்டது. வீட்டில் அப்பாவிடமோ மாமாவிடமோ கேட்டுப் பாருங்கள். சவுண்ட் பிளாஸ்டர் பெயர் ஞாபகம் இருக்கலாம்.

எந்தக் கோப்பு எதற்கு?

- என்எஸ்எஃப்: என்இஎஸ் விளையாட்டுகள்
- ஜிபிஎஸ்: கேம் பாய்
- எஸ்பிசி: சூப்பர் நின்டெண்டோ
- விஜிஎம், விஜிஇசட்: சேகா மெகா டிரைவ், பழைய கணினி ஒலி அட்டைகள் உட்படப் பல
- சிட்: கொமொடோர் 64
- மாட்: அமிகா கணினி

எங்கே தேடலாம்?

முதன்முறை என்றால் எதையும் பதிவிறக்க வேண்டாம். 'டீப்சிட்' இணையத்தளத்தில் கொமொடோர் 64 இசையை உலாவியிலேயே கேட்கலாம். அது 'ஹை வோல்டேஜ் சிட் கலெக்‌ஷன்' தொகுப்பைப் பயன்படுத்துகிறது. ஆர்வலர்கள் சம்பளம் வாங்காமல் சேர்த்த அந்தத் தொகுப்பில் 60,000க்கும் மேற்பட்ட கோப்புகள் உண்டு.

'மாட் ஆர்க்கைவ்' தளத்தில் மாட் வகைக் கோப்புகள் கிடைக்கும். அங்கேயும் உலாவியில் கேட்டுப் பார்க்கும் வசதி உண்டு.

எதில் கேட்கலாம்?

- விஎல்சி: பலரிடம் ஏற்கெனவே இருக்கும். என்எஸ்எஃப், எஸ்பிசி, விஜிஎம் போன்றவற்றைத் திறக்கும்.
- ஃபூபார்2000: 'கேம் எமு ப்ளேயர்' என்ற துணைச்செயலியைச் சேர்த்தால் போதும்.
- ஓப்பன்எம்பிடி: மாட் கோப்புகளுக்கு. எந்தத் தடம் எந்த நொடியில் என்ன வாசிக்கிறது என்பதைத் திரையில் பார்க்கலாம்.

"சரியா வரலையே!" என்றால்...

ஒரே ஒரு பாட்டுதான் வருகிறதா? என்எஸ்எஃப் கோப்பு ஒன்றுக்குள் பெரும்பாலும் விளையாட்டின் எல்லாப் பாடல்களும் இருக்கும். செயலியில் அடுத்த பாடலுக்கு மாற்றிப் பாருங்கள்.

பாட்டு முடியவே மாட்டேங்குதா? அது பிழை இல்லை. ஆட்டக்காரர் அந்தக் கட்டத்தைத் தாண்டும்வரை இசை சுற்றிச் சுற்றி வரவேண்டும், அதற்காகவே எழுதியது. செயலியின் அமைப்பில் நேர வரம்பு வைத்துக்கொள்ளலாம்.

வேகம் அதிகமா? ஐரோப்பியத் தொலைக்காட்சிகள் நொடிக்கு 50 முறை, ஜப்பானிய, அமெரிக்கத் தொலைக்காட்சிகள் நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்தன. இசையும் பெரும்பாலும் அந்தத் துடிப்பையே பின்பற்றியது. 50க்கு எழுதியதை 60இல் ஓட்டினால் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும்.

கவனம் தேவை

பழையது என்பதால் உரிமை இல்லாமல் போய்விடாது. சிங்கப்பூர்ச் சட்டப்படி, இசைப் படைப்புக்கான பதிப்புரிமை பொதுவாகப் படைப்பாளி மறைந்து 70 ஆண்டுகள்வரை நீடிக்கும். அதிகாரபூர்வ ஆல்பம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இணையத்தில் கண்டெடுத்த கேம் இசையை உங்கள் காணொளியில் சேர்ப்பதற்குமுன் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று: இசைக்கோப்பு கேட்டால் 'இஎக்ஸ்இ' கோப்பைப் பதிவிறக்கச் சொல்லும் தளமா? உடனே மூடிவிடுங்கள்.

பெயரையும் படியுங்கள்

அக்காலத்தில் இசையமைப்பாளர்கள் பலரின் உண்மைப் பெயர் விளையாட்டில் வராது. 1987இல் வெளிவந்த மெகா மேன் விளையாட்டுக்கு இசையமைத்தவர் மனாமி மட்சுமாயே. திரையில் வந்ததோ ஒரு புனைபெயர்.

என்எஸ்எஃப், சிட் கோப்புகளின் தொடக்கத்தில் பாடல் பெயருக்கும் இசையமைப்பாளர் பெயருக்கும் தனி இடம் உண்டு. ஆர்வலர்கள் தேடிப்பிடித்து அதில் சரியான பெயரை எழுதி வைக்கிறார்கள்.

அடுத்த முறை ஒரு கோப்பைத் திறக்கும்போது, பாட்டு ஓடட்டும், அந்தப் பெயரையும் ஒரு தடவை பாருங்கள். மூன்று குரலை வைத்துக்கொண்டு ஒரு கச்சேரியே நடத்தியவர் அவர். 40 ஆண்டுகள் கழித்து நாமாவது தெரிந்துகொள்வோமே!