வெந்நீரும் அளவும்

“வெந்நீரால் வீடு வேகாது” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வீடு வேகாது என்பது மெய்யே. ஆயின் வீட்டிலுள்ளாரின் காலும் கையும் வேகும். இதனை யான் ஏட்டிற் படித்து அறிந்தேனல்லேன்; என் இல்லத்திலேயே கண்டு அறிந்தேன். தமிழாசிரியனாகிய யான் இம்மலருக்கு இலக்கியக் கட்டுரையொன்று எழுதாது, நீர்ச்சூடாக்கியைப் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணமும் அதுவே.

கடல் கடந்து வாழும் என் தமையனார், எங்கள் அன்னையார் மார்கழிக் குளிரில் கிணற்றடியிற் குளித்தல் கூடாதென்று கருதி, மின்சாரத்தால் நீரைச் சூடாக்கும் தாங்கியொன்றைக் குளியலறையிற் பொருத்துவித்தார். அதன் அடியில் ஒரு திருகு உண்டு. “முழுதும் திருப்பிவிட்டால் விரைவிற் சூடேறும்” என்று எண்ணி, அதனை இறுதிவரை திருப்பியவன் யானே. மறுநாள் அன்னையார் பாத்திரத்தில் வெந்நீரைப் பிடித்து அதிற் காலை வைத்தார். நீண்டகால நீரிழிவினால் அவர் பாதங்கள் உணர்ச்சி குன்றியிருந்தன. சுடுகின்றதென்று அவர் அறிந்திலர். மாலையிற் கொப்புளங் கண்டபோதே யாவரும் அறிந்தோம். புண் ஆறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு மேலாயிற்று. அந்நாள்களில், எம் பௌதிகவியல் ஆசிரியரிடம் ஒரு வெப்பமானியை இரவல் வாங்கி, அவரிடமே பாடமும் கேட்டு யான் அறிந்துகொண்டவற்றை ஈண்டுக் கூறுவேன்.

முதற்கண் அறியவேண்டியது, நீர் எவ்வளவு வெப்பத்தில் எத்துணை நேரத்திற் சுடும் என்பதாம். 1947 ஆம் ஆண்டில் மொறிற்சு, என்றிக்கேசு என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். அவ்வழி வந்த கணிப்புக்களின்படி, வளர்ந்தவர் ஒருவரின் தோல் 49 செல்சியசுப் பாகை வெப்பமுள்ள நீரில் ஆழமாக வெந்துபோக ஏறத்தாழ 5 நிமிடம் ஆகும். 54 பாகையில் ஏறத்தாழ அரை நிமிடமே போதும். 60 பாகையில் 5 அல்லது 6 வினாடி. 66 பாகையில் 2 வினாடி. வெப்பம் சிறிது சிறிதாக ஏற, தப்புதற்குரிய காலமோ விரைந்து குறைந்துவிடுகின்றது. குழந்தைகளின் தோலும் முதியோரின் தோலும் மெல்லியன. அவர்களுக்கு இக்காலம் இன்னுங் குறைவு. குளிப்பதற்கு இதமான நீரோ 38 முதல் 40 பாகை வரையிலானதே. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் வெப்பத்தில் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டாலும், அவற்றின் வெப்பம் நம் உடல்வெப்பத்தை அண்டியதே. அங்கு நீராடி வந்தோர் அதன் இதத்தை அறிவர்.

“அவ்வாறாயின் தாங்கியையும் 40 பாகையில் நிறுத்திவிட்டால் ஆபத்தில்லையே” என்று மாணவர் வினவுவர். வினா நன்றே, விடைதான் வேறு. 1976 ஆம் ஆண்டு யூலை மாதம் அமெரிக்காவின் பிலதெல்பியா நகரிற் கூடிய முன்னாட் போர்வீரர் மாநாட்டிற் கலந்துகொண்டோர் பலர் இனந்தெரியாத நுரையீரற் காய்ச்சலால் மாண்டனர். அதற்குக் காரணமான பற்றீரியா 1977 சனவரியில் இனங்காணப்பட்டு, அவ்வீரர் சங்கத்தின் பெயரால் இலீசியோனெல்லா எனப்பட்டது. அது வெதுவெதுப்பான நீரில், சிறப்பாக 25 முதல் 45 பாகை வரையிலான வெப்பத்திற் பெருகுவது; நுண்ணிய நீர்த்திவலைகளோடு மூச்சிற் கலந்து நுரையீரலை அடைவது. 50 பாகைக்கு மேல் அது பெருகாது. 60 பாகையிற் சில நிமிடங்களில் பெரும்பாலும் மடிந்தொழியும். ஆதலால் நாள்தோறும் வெதுவெதுப்பாகவே தேங்கிநிற்கும் தாங்கி, நாமே அக்கிருமிக்கு அமைத்துக்கொடுத்த இல்லமாகும்.

ஆகவே இருவகைத் தேவை ஒன்றோடொன்று முரணுகின்றன. தாங்கியில் நீர் 60 பாகையை எட்டவேண்டும். உடலிற் படும் நீர் 40 பாகையளவில் நிற்கவேண்டும். இம்முரணைத் தீர்ப்பது கலத்தலே. மேலைநாடுகளில், தாங்கியை விட்டு வெளிவரும் வெந்நீரோடு குளிர்நீரைத் தானே அளவாகக் கலக்கும் வால்வு பொருத்தப்படுகின்றது. நம் பழைய மாணவர் பலர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக் கட்டடவிதி, வீடுகளிற் குழாய்வாயில் வரும் நீர் 49 பாகைக்கு மேற்படலாகாது என்று கூறுகின்றது. இங்கு வீடு கட்டுவோரும் அத்தகைய வால்வைப் பொருத்துவித்தல் நன்று. அஃதில்லாத வீடுகளில் நம் வாளியே கலக்குங் கலமாகும். முதலிற் குளிர்நீர், பின்னர் வெந்நீர். இவ்வொழுங்கை எக்காரணங் கொண்டும் மாற்றலாகாது. என் அன்னையார் கால் வெந்தது இவ்வொழுங்கு பிழைத்தமையாலேயே. கலந்த நீரை முழங்கையாலே தொட்டுப் பார்க்கவேண்டும். நீரிழிவுடையோர் தம் கால்களை நம்பாது, வீட்டில் வேறொருவரைக் கொண்டு பார்ப்பித்தல் வேண்டும்.

இனி, 60 பாகைக்கு மேலேயும் செல்லலாகாமைக்கு நம் மண்ணே ஒரு காரணமாயிருக்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கில்லை. மழைநீரே நிலத்துட் புகுந்து கிணற்றை நிரப்புகின்றது. அந்நீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு செல்லுதலால், சுண்ணக்கல்லையுஞ் சிறிது கரைக்கின்றது. நீரைச் சூடாக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேற, கரைந்திருந்த சுண்ணம் கல்சியங் காபனேற்றாக மீண்டும் படிகின்றது. நம் குசினிகளிற் கேத்தலின் அடியிற் படியும் வெண்ணிறக் கற்படை இதுவே. நீரின் வெப்பம் மிகுந்தோறும் படிவும் விரையும். 60 பாகைக்கு மேல் அது பெரிதும் மிகும். சூடாக்குங் கம்பியைக் கற்படை மூடினால், கம்பியின் வெப்பம் நீருக்கு எளிதிற் செல்லாது. நீர் சூடாகக் காலந் தாழும். கம்பியோ தன் வெப்பத்தாற் பழுதடையும். கேத்தலிற் படிந்ததைத் தேசிக்காய்ச் சாற்றினாலோ வினாகிரியினாலோ கரைத்துவிடலாம். தாங்கியின் உட்புறத்தை மின்வேலை அறிந்தவரைக் கொண்டு காலத்துக்குக் காலம் கழுவுவித்தல் வேண்டும்.

சிக்கனத்தைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. “திருகைக் குறைத்து வைத்தாற் குளிப்புச் செலவு குறையும்” என்பர். கணக்கிட்டுப் பார்ப்போம். கிணற்றுநீரின் வெப்பம் ஏறத்தாழ 28 பாகை எனக் கொள்க. 20 லீற்றர் கொண்ட ஒரு வாளி நீரை 40 பாகைக்குக் கொணர 240 கிலோ கலோரி வேண்டும். இது மின்னளவிற் கால் அலகுக்குச் சற்று மேற்பட்டது. தாங்கி 60 பாகையிலிருப்பின் 7½ லீற்றர் வெந்நீரும் 12½ லீற்றர் குளிர்நீருங் கலக்கவேண்டும். 75 பாகையிலிருப்பின் 5 லீற்றர் வெந்நீரே போதும். வாளியிற் சேரும் வெப்பம் இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு யாதெனின், நாம் குளியாதிருக்கும் வேளையில் தாங்கியின் சுவரூடாக வீணே கழியும் வெப்பமாம். அது தாங்கிக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வேற்றுமையை ஒட்டியது. 60 பாகையில் அவ்வேற்றுமை 32. 75 பாகையில் 47. எனவே பின்னதில் விரயம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும்.

இவ்விரயத்தைத் தவிர்க்கும் சிறந்த வழி, வேண்டும்போது மட்டும் சூடாக்குதலே. 15 லீற்றர்த் தாங்கியை 2 கிலோவாற்றுக் கம்பி 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு 17 நிமிட அளவில் உயர்த்திவிடும். அந்நீரைக் குளிர்நீரோடு கலந்தால் இரண்டு வாளி இளஞ்சூட்டு நீர் கிடைக்கும். ஆதலால் குளிப்பதற்கு 20 நிமிடத்துக்கு முன் மின்னைத் தொடுத்து, விளக்கு அணைந்தபின் மின்னையும் நிறுத்திக் குளித்தல் சாலும். விளக்கு அணையுமுன் அரைச்சூட்டில் நீரை எடுத்தலாகாது. தேங்கிய நீர் முழு வெப்பத்தையும் எட்டினாலன்றிக் கிருமி ஒழியாதன்றோ? பலநாட் பூட்டிக்கிடந்த வீட்டிலாயின், நீரை முழுதுஞ் சூடாக்கி, யன்னலைத் திறந்து, திவலை முகத்திற் படாவண்ணம் முதல்நீரை ஓடவிடல் வேண்டும்.

தாங்கியின்றிக் குழாயில் வரும்போதே நீரைச் சூடாக்கும் கருவிகளும் இங்கு வந்துள்ளன. அவற்றில் நீர் தேங்குவதில்லை. ஆயினும் வேறொரு நுட்பம் உண்டு. 3.5 கிலோவாற்றுக் கருவி நிமிடத்துக்கு 50 கிலோ கலோரி வெப்பந் தருகின்றது. நிமிடத்துக்கு 4 லீற்றர் நீர் ஓடினால் வெப்பம் 12½ பாகை உயர்ந்து 40 பாகையளவில் நிற்கும். மேல்நிலைத் தொட்டியில் நீர் குறைந்து ஓட்டம் 2 லீற்றராகத் தளர்ந்தால், 25 பாகை உயர்ந்து 53 பாகை ஆகிவிடும்! திருகை எவரும் தொடாமலே நீர் சுடும் மாயம் இதுவே. ஆகவே குளிக்குமுன் தொட்டியில் நீர் உண்டோ எனப் பார்க்க. இக்கருவி 230 உவோற்றில் 15 அம்பியருக்கு மேல் மின்னோட்டத்தை இழுப்பது. அதனை 13 அம்பியர்ச் சொருகியில் இணைத்தல் தீ விபத்தை அழைத்தலாகும். தனிக்கம்பியும், செவ்விய புவித்தொடுப்பும், மின்கசிவு நேர்ந்தவுடன் மின்னை அறுக்கும் ரிப் சுவிச்சும் இன்றி எந்த நீர்ச்சூடாக்கியையும் பயன்படுத்தலாகாது.

தாங்கியின் அமுக்கத்தை வெளிவிடும் வால்வையும் அடைத்துவிடாதீர்கள். 50 லீற்றர் நீர் 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏறும்போது அரை லீற்றருக்கு மேல் விரிகின்றது. “ஒழுகுகின்றதே” என்று வால்வை இறுக மூடினால், விரியும் நீர் தாங்கியையே பிளக்க முயலும்.

எத்துணை எச்சரிக்கையாயிருந்தும் வெந்நீர் பட்டுவிட்டால், தாமதியாது ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் அவ்வுறுப்பைப் பிடிக்க. பனிக்கட்டி வேண்டா, பற்பசை, எண்ணெய், மை முதலியவற்றைப் பூசுதலும் வேண்டா, கொப்புளத்தை உடைத்தலும் ஆகாது. தூய துணியால் மூடி வைத்தியரிடஞ் செல்க. குழந்தைக்கோ முதியவர்க்கோ நீரிழிவுடையார்க்கோ நேரின், புண் சிறிதாயினும் வைத்தியரைக் காண்டலே முறை.

“வெம்மை” என்பதும் “நீர்” என்பதும் புணர்ந்து, விகுதி கெட்டு, முன்னின்ற மெய் திரிந்து “வெந்நீர்” ஆயிற்று என்று ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பிக்கின்றேன். அவ்வெம்மைக்கு அளவுண்டு என்பதைக் கற்பித்திலேன். இப்போது அப்பாடம் நடத்தும் நாளில் வெப்பமானி ஒன்றையும் கையிற் கொண்டு செல்கின்றேன்.

பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர்களே! நீங்கள் பெற்றோருக்கு நீர்ச்சூடாக்கி வாங்கிக் கொடுப்பது அன்பின் செயல். அதனோடு ஒரு வெப்பமானியையும் வாங்கிக் கொடுங்கள். திருகிலே எழுதிய இலக்கத்தை நம்பாது, குழாய்வாயில் வரும் நீரை அளந்து பார்க்கும்படி வீட்டிலுள்ள தம்பி தங்கையருக்குச் சொல்லுங்கள். அடுத்தமுறை தொலைபேசியில் நலம் விசாரிக்கும்போது, “அம்மா, முதலில் பச்சைத்தண்ணீர்தானே விடுகிறீர்கள்?” என்று ஒரு சொற் கேளுங்கள். அவ்வொரு கேள்வியை யாங்கள் இருவருங் கேட்டிலேம்.