நெஞ்சுப் படபடப்பும் விரல் மதமதப்பும்

பெரும்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நெஞ்சு அடைக்கிறது, விரல்கள் மதமதக்கின்றன, செத்துவிடுவோம் என்று தோன்றுகிறது. வத்தலக்குண்டுக்கு இறங்கி ஈ.சி.ஜி. எடுத்தால் ஒன்றுமில்லை என்கிறார்கள். மலைக்காற்றில் ஆக்சிஜன் போதவில்லையோ?

இல்லை. பெரும்பாறை சுமார் 1,000 மீட்டர் உயரம்தான். அங்கேயே வாழ்கிறவரை அது ஒன்றும் செய்யாது. நெஞ்சு வலித்தால் முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும், அதைச் செய்துவிட்டார். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இல்லையென்றால் பெரும்பாலும் இது ‘பேனிக் அட்டாக்’.

இதன் உள்வேலை விசித்திரமானது. பயத்தில் மூச்சு வேகமெடுக்கிறது. ஓடவும் இல்லை, சுமை தூக்கவும் இல்லை. ஆகவே தசைகள் உண்டாக்குவதைவிட அதிகமான கார்பன் டை ஆக்சைடை நுரையீரல் வெளியேற்றிவிடுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதுவரை தனித்து மிதந்த கால்சியத்தில் ஒரு பகுதி அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கால்சியம் குறைந்ததும் நரம்புகள் தாமாகவே துடிக்கின்றன: விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு, சிலருக்குக் கை மடங்கியே போகும். மூளையின் ரத்தக்குழாய்களும் சுருங்கித் தலை சுற்றுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவாகவே இருக்கிறது. மூச்சு போதவில்லை என்று தவிக்கும் அந்த நேரத்தில்தான் மூச்சு மிஞ்சிப்போயிருக்கிறது!

காட்டுமாடு வருகிறதா என்று பரணில் காவல் இருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். சருகு அசைந்ததும் தகரத்தைத் தட்டுகிறார். அந்தச் சத்தத்தில் அவரே மிரண்டு இன்னும் பலமாகத் தட்டுகிறார். பக்கத்துத் தோட்டத்துப் பரணிலும் தட்டுகிறார்கள். விடியும்வரை மலையே தூங்கவில்லை. மாடு மட்டும் வரவே இல்லை. பேனிக் அட்டாக்கும் அப்படித்தான்: மதமதப்பைக் கண்டு பயம், பயத்தால் வேக மூச்சு, அந்த மூச்சால் மேலும் மதமதப்பு.

1871இல் டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர் போர்வீரர்களிடம் இதைப் போன்ற தொல்லையைக் கண்டு இதயக்கோளாறு என்றே எழுதினார். 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைத் தனி நோயாகப் பட்டியலிட்டார்கள்.

‘ஒரே நிமிடத்தில் பதற்றம் போகும்’ என்று விற்கும் கைக்கடிகாரங்களையும் செயலிகளையும் நம்ப வேண்டாம். இழுப்பதைவிட விடும் மூச்சை நீட்டினால் இதயத்துடிப்பு சற்றுத் தணியும், அவ்வளவுதான். காகிதப்பையை மூக்கில் கவிழ்ப்பது ஆபத்து: உண்மையிலேயே இதயமோ நுரையீரலோ பழுதென்றால் உயிருக்கே உலை. இந்த உணர்ச்சிகள் கொல்லாது என்பதை உடம்புக்குப் பழக்கும் பேச்சு சிகிச்சைக்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது. மருந்துகளும் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது சில நிமிடங்களில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். மிளகு விலையை நினைத்து மாதக்கணக்கில் மனம் அரிப்பது வேறு. வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்த துக்கம் வேறு. அது அலையலையாக வரும், நடுநடுவே சிரிக்கவும் முடியும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம்; மூச்சுப் பயிற்சி அதற்குப் போதாது. திண்டுக்கல் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சாகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே 14416க்குப் பேசுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் எண் அது; கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.