கண்காணிப்புக் காமிரா: பொருத்துதலும் பராமரிப்பும்



ஜாசின், மெர்லிமாவ், பெம்பான் வட்டாரத் தோட்டங்களில் முன்பெல்லாம் இரவுக் காவல் ஜாகாவின் பொறுப்பு. இன்று கோயில், மளிகைக் கடை, வீட்டு வாசல் எங்கும் கண்காணிப்புக் காமிராவைக் காண்கிறோம். ஜாகா திருடனைத் துரத்துவார். காமிரா துரத்தாது, அது வெறும் சாட்சி. கண் மங்கிய சாட்சியோ ஆபத்தானது. கோயில் உண்டியல் உடைந்த மறுநாள், திரையில் தெரியும் நிழலைப் பார்த்து, "நடை கடைசி வீட்டுப் பையன் மாதிரி இருக்கிறதே" என்று ஒருவர் சொன்னால் போதும். ஒரு குடும்பத்தின் மானம் போய்விடும்.

ஆகவே முகம் தெரிய வேண்டும். முன்பின் அறியாத ஒருவரை அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது அனைத்துலக அளவுகோல். சாதாரண 2 மெகாபிக்சல் காமிராவின் படம் 1,920 புள்ளி அகலமுடையது. வகுத்துப் பாருங்கள். சுமார் 7½ மீட்டருக்கு மேல் அகலமான காட்சியில் முகம் கரைந்துவிடும். 2.8 மில்லிமீட்டர் வில்லையில் அந்த அகலம் ஏறக்குறைய 3 மீட்டர் தொலைவிலேயே வந்துவிடுகிறது! வாசலையும் வளாகத்தையும் செம்பனை ஓரத்தையும் ஒரே காமிராவில் பிடிக்க நினைப்பது வீண் ஆசை. ஒன்று பரந்து பார்க்கட்டும். மற்றொன்று வாசற்படியை மட்டும் பார்க்கட்டும். அதைக் கூரை முகட்டில் மாட்டினால் தொப்பிதான் பதிவாகும். 2½ மீட்டர் உயரம் போதும். உள்ளிருந்து வெளிச்சமான வாசலை நோக்கி வைத்தால், வருபவர் கறுப்பு உருவமாகத் தெரிவார்.

இரவில் காமிராவின் அகச்சிவப்பு விளக்கு எரியும். வில்லையின் முன் ஒரு சிலந்தி வலை இருந்தால் அந்த ஒளி அதில் பட்டுத் திரும்பி, படமே வெண்புகையாகிவிடும். மாதம் ஒருமுறை மெல்லிய துணியால் துடையுங்கள்.

அன்றே பதிவையும் ஓட்டிப் பாருங்கள். நொடிக்கு 2 மெகாபிட் வீதம் எழுதும் காமிரா, நாளொன்றுக்குச் சுமார் 21.6 ஜிகாபைட் நிரப்பும். நான்கு காமிராவுக்கு 1 டெராபைட் வட்டு 11 நாள்தான் தாங்கும். பிறகு பழையதன் மேல் புதியது எழுதப்படும். உண்டியலை மாதம் ஒருமுறை எண்ணும் கோயிலுக்கு 3 டெராபைட்டாவது வேண்டும்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியபோது நாடே சேர்ந்து மாற்றியது. பதிவுக்கருவியின் கடிகாரத்துக்கு அப்படி யாரும் அறிவிப்புச் செய்யமாட்டார்கள். உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்தால், ஒரு மின்தடைக்குப் பின் தேதியே மாறிவிடும். 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு கணினிப் பதிவை நீதிமன்றத்தில் ஏற்கிறது. கருவியை நிர்வகிப்பவரின் கையொப்பமிட்ட சான்றிதழ் அதற்குத் துணை. எனவே இந்தப் பொறுப்பு யாருடையது என்பதைக் கோயில் நிர்வாகம் முன்கூட்டியே முடிவு செய்யட்டும்.

தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லையும் முதல் நாளே மாற்றுங்கள். 2016இல் 'மிராய்' என்ற தீய நிரல், அத்தகைய கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் ஏராளமான காமிராக்களைக் கைப்பற்றியது.

நம் பக்கத்து இடிமழைக்கு மின்னெழுச்சித் தடுப்பான் அவசியம். பதிவுக்கருவியை உண்டியலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்; வந்தவன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். பூட்டிய வேறோர் அறையில், காற்றோட்டமாக வையுங்கள்.