கைவினைக் கருவியும் திறந்த மூல உரிமமும்

தொட்டியில் நீர் நிரம்பியதும் மணியடிப்பதும், மண்ணின் ஈரம் அளந்து செடிக்கு நீர் விடுவதும் ஆகிய சிறு கருவிகளைத் தம் கையாற் செய்து விற்கும் மாணவர் இக்காலத்துப் பலராவர். அக்கருவிகளின் அகத்தே மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு சில்லு ஒன்று இருந்து ஏவல் செய்யும். இயற்பியல் பயிலும் எம் அறைத்தோழர் அத்தகைய தொட்டிக் கருவி ஒன்றை இயற்றினார். அதனை விலைக்குக் கொள்ள ஒருவர் முன்வந்த பொழுது அவருக்கோர் ஐயம் எழுந்தது. "இதன் நிரலில் யான் எழுதியது சிறு பகுதியே, ஏனையவெல்லாம் பிறர் எழுதி யாவர்க்கும் வழங்கியவை. இதனை விற்றுப் பொருளீட்டல் முறையாகுமோ?" என வினவினார். தமிழ் பயிலும் எமக்கு விடை தெரிந்திலது. ஆயினும் உரிமங்கள் சொற்களால் ஆயவையாதலின், அவற்றை அவருடன் அமர்ந்து படித்தோம். அறிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண் நீக்கற்பாலதாய மயக்கம் ஒன்றுண்டு. திறந்த மூலம் என்பது விலையின்மையைக் குறிப்பதன்று. 1983-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் க்னூ என்னும் திட்டத்தை அறிவித்தார். அதன்வழி 1989-இல் ஜி.பி.எல். என்னும் பொது உரிமம் வெளிவந்தது. அவ்வுரிமம் விற்பனையைத் தடுப்பதில்லை. நாம் பெற்ற உரிமையை நம்மிடம் வாங்குவோரும் பெறல் வேண்டும் என்பதே அதன் கருத்து.

உரிமங்களைப் பெரும்பான்மையும் மூவகையுள் அடக்கலாம். எம்.ஐ.டி., பி.எஸ்.டி. போல்வன எளியவை, ஆக்கியோரின் உரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காது உடன்வைத்தல் போதும். ஜி.பி.எல். கடியது; அதன்பாற்பட்ட தொகுதியோடு நம் நிரலை ஒன்றாய் இணைத்து விற்பின், முழுமைக்கும் உரிய மூலநிரலை வாங்குவோர்க்கு வழங்கல் வேண்டும். இடைப்பட்டது எல்.ஜி.பி.எல். என்பது; தொகுதியில் நாம் செய்த திருத்தங்களை வெளியிடல் வேண்டுமேனும், நம் சொந்த நிரலை மறைத்து வைத்துக்கொள்ளலாம்.

இனி, ஆர்டுயினோவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது 2005-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரில் மாணவர் பயிற்சியின்பொருட்டுத் தோன்றியது. அதன் பலகையொன்றை விலைக்கு வாங்கி நம் பெட்டியினுள் வைத்து விற்பின், நம் வரைபடத்தை வெளியிடும் கடமை இல்லை. அவர்தம் பலகை வரைபடத்தையே எடுத்து மாற்றிப் புதுப்பலகை இயற்றின், மாற்றிய வரைபடத்தை அவ்வுரிமத்தின்படியே வெளியிடல் வேண்டும். அதன் அடிப்படை நிரல் தொகுதிகள் எல்.ஜி.பி.எல். உரிமத்தின்பாற்பட்டவை. ஆதலின் நம் மூலநிரலை மறைப்பினும், வாங்கியோர் அத்தொகுதிகளின் புதுவடிவத்தை இணைத்துக்கொள்ளத்தக்கவாறு, தொகுக்கப்பட்ட கோப்புகளையேனும் அவர்க்குக் கிடைக்கச் செய்தல் கடன். ஆர்டுயினோ என்னும் பெயரோ வணிகக் குறி. வரைபடம் திறந்ததாயினும், இசைவின்றி அப்பெயரை நம் பலகைக்குச் சூட்டலாகாது.

இவையெல்லாம் ஏட்டளவில் நிற்பனவோ எனின், அல்ல. லிங்க்சிஸ் நிறுவனத்தார் விற்ற டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்னும் வலையமைப்புக் கருவியினுள் ஜி.பி.எல். உரிமம் உடைய லினக்ஸ் இருந்தது. பயன்படுத்துவோர் அதனைக் கண்டு கேட்க, 2003-இல் மூலநிரல் வெளியிடப்பட்டது. அதன்மேல் எழுந்ததே ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்னும் திட்டம், இன்று பற்பல கருவிகளில் அஃது இயங்குகின்றது. ஒருவர் கடமை நிறைவேறியதால் பலர்க்கு வழி திறந்தது.

எம் தோழரின் கருவியுள் பிறர் தொகுதிகள் மூன்று இருந்தன. ஒன்று எம்.ஐ.டி.; மற்றொன்று எல்.ஜி.பி.எல். மூன்றாவதற்கு உரிமமே இல்லை. உரிமம் இல்லையெனின் யாவரும் எடுக்கலாம் என்று அவர் எண்ணியிருந்தார். உண்மையோ அதற்கு மறுதலை: உரிமம் வழங்கப்படாத நிரல் முழுதும் ஆக்கியோனுக்கே உரியது, இசைவின்றி அதனைப் படியெடுத்து விற்றல் தகாது. தோழர் அப்பகுதியை நீக்கித் தாமே புதிதாய் எழுதினார். விற்பனை பதினைந்து நாள் தாழ்த்தது. வாங்க வந்தவர் முகம் சுளித்தார். எனினும் கருவி சென்றபொழுது, அதனுடன் ஒரு தாளும் சென்றது. ஆக்கியோர் பெயர்களும், உரிமங்களும், கோப்புகள் பெறும் இடமும் அதில் இருந்தன.

அத்தாளைக் கண்ட எமக்குப் பாயிரமே நினைவிற்கு வந்தது. நூல் செய்தோன் பெயரோடு, அந்நூல் எதன்வழி வந்தது என்பதனையும் பாயிரத்துள் உரைத்தல் நம் முன்னோர் மரபு. வழிநூல் என்று சொல்லிக்கொள்வதால் எந்நூலும் இழிந்ததில்லை. கருவி செய்து விற்க எண்ணும் நண்பர்காள், விலை குறிப்பதற்கு முன்னர் நும் கருவிக்கும் ஒரு பாயிரம் எழுதுமின்!