பாறை இறாலுக்கு ஏற்ற பாத்திரம்

கன்னியாகுமரி ஜில்லா முட்டம் போன்ற பாறைக் கரைகளில், கல்லிடுக்குகளில் சிற்றிறால்கள் வசிக்கின்றன. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பி இவற்றை வளர்க்க விரும்புவோர், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், நீர் நன்கு வடிந்திருக்கும் வேளையில் சிறு கைவலையால் பிடிக்கலாம். வயிற்றின்கீழ் முட்டை சுமப்பவற்றை உடனே விட்டுவிடுக. புரட்டிய கல்லை முன்போல் வைத்துவிடுக. இன்றேல் அதனடியில் ஒட்டிய உயிர்கள் வெயிலில் மடியும்.

குடியானவர் முக்கியமாய்க் கவனிக்கவேண்டியது பாத்திரமே. தென்னையின் குருத்தழுகலுக்குப் போர்டோக் கலவை தயாரித்த வாளியில் எஞ்சிய மயில்துத்தம் அற்பமாயினும் இறாலைக் கொல்லும். ஏனெனில் செம்புச் சத்து அதற்குக் கொடிய நஞ்சு. ஆதலின் செம்பு, பித்தளைப் பாத்திரங்களும் ஆகா. பூச்சியும் இறாலும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெரும்பிரிவின ஆதலால், பூச்சிமருந்து தோய்ந்த பாத்திரமும் கேடே விளைக்கும். புதிய பிளாஸ்டிக் வாளியே உத்தமம்.

கடல்நீரில் ஆயிரத்திற்குச் சுமார் 35 பங்கு உப்புண்டு. தொட்டிநீர் வற்றும்போது உப்பு வற்றுவதில்லை. எனவே குறைந்த அளவுக்குக் குளோரின் கலவாத நன்னீரையே வார்க்க வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதியில் உயிர்களைப் பிடித்தல் குற்றமாகும். கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை யாவருக்கும் எடுத்துரைப்பார்களாக.